எண்டர்பிரைஸ் கிளம்பிப் போன பிறகு

1.


வழக்கமா இங்க சர்க்கரை, பிபி, தடுப்பூசின்னு எழுதுற ஆள் நான். இன்னைக்கு நைட் டூட்டி முடிஞ்சு வந்து தூக்கம் வரல. ரொம்ப நாளா எழுத நினைச்ச ஒன்னை எழுதிடறேன். விண்வெளித் தொடர்கள் பத்தி.

போன வாரம் எங்க ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் கேட்டார்: "சார், ஸ்டார் ட்ரெக், ஸ்டார் வார்ஸ், டாக்டர் ஹூ, எல்லாத்துலயும் கிளைத் தொடரா வந்துக்கிட்டே இருக்கு. சிலது பிரமாதம். சிலது எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னே தெரியல. என்ன சார் வித்தியாசம்? பட்ஜெட்டா?"

கேன்டீன்ல ஒரு டீ முடியறதுக்குள்ள சொல்ல முடியல. அதனால இந்த இழை. கொஞ்சம் நீளம். சில எபிசோட்களோட முடிவும் இதுல வெளியாகும். பாக்காம இருக்கிறவங்க மன்னிக்கணும்.

2.
பதிலை முதல்லயே சொல்லிடறேன்.

தாய்த் தொடர் "முடிஞ்சது" என்று மூடி வைத்த கேஸ் ஷீட் ஒன்றை எடுத்து, "இவருக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிற கிளைத் தொடர் நிற்கிறது. தாய்த் தொடரையே வேறு ஆட்களை வைத்து மறுபடி நடித்துக் காட்டுகிற தொடர், கொஞ்ச நாள் ஓடினாலும், மனசுல நிக்கறதில்ல.

பட்ஜெட், நடிகர்கள் எல்லாம் முக்கியம்தான். ஆனா அது ரெண்டாவது.

இதுக்கு நான் எடுத்துக்கிற கேஸ், 1993ல் ஆரம்பித்த "ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்". ஆனா கதை 1966ல் இருந்து சொல்லணும்.

3.
1966 செப்டம்பர். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஸ்டார் ட்ரெக் தொடங்குகிறது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி.

எண்டர்பிரைஸ் என்ற கப்பல். கேப்டன் கிர்க். வாரம் ஒரு கிரகம், வாரம் ஒரு பிரச்சனை. கப்பல் வரும், பிரச்சனை தீரும், கப்பல் போகும்.

3 சீசன், 79 எபிசோட். 1969ல் நிறுத்திட்டாங்க.

அப்புறம்தான் வேடிக்கை. 70களில் உள்ளூர் சேனல்கள் மறுஒளிபரப்பு செய்யச் செய்ய, செத்துப் போன தொடருக்கு ரசிகர்கள் பெருகினாங்க. 1979ல் சினிமாவாச்சு. 1987ல் முதல் பெரிய கிளைத் தொடர் வந்தது: "தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்". புதுக் கப்பல், பழைய பெயர். கேப்டன் பிக்கார்டாக பேட்ரிக் ஸ்டீவர்ட்.

4.
இன்னைக்கு எல்லாரும் கொண்டாடுற அந்தத் தொடரோட ஆரம்பம் எப்படி இருந்துச்சு தெரியுமா?

முதல் கதை முடிஞ்சதும் வந்த அடுத்த எபிசோட் பெயர் "தி நேக்கட் நவ்". கப்பல்ல ஒரு தொற்று பரவி, எல்லாரும் குடிச்சவங்க மாதிரி நடந்துக்குவாங்க.

1966ல் கிர்க்கின் கப்பலில் நடந்த "தி நேக்கட் டைம்" கதையும் அதேதான்!

அப்பாவோட சட்டையை மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நிக்கிற பையன் மாதிரி. சட்டை தொளதொளன்னு இருந்துச்சு.

1989ல், மூன்றாவது சீசனில், மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் தொடர் தன் சொந்தக் குரலில் பேசியது. இந்த வாரம் எந்தக் கிரகம் என்று கேட்பதை விட, இந்த வாரம் இந்த ஆட்களில் யாருக்கு என்ன நடக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

5.
1990 ஜூன். "தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்" எபிசோட்.

போர்க் என்ற பாதி மனித, பாதி இயந்திர எதிரிகள் பிக்கார்டைப் பிடித்துத் தங்களில் ஒருவராக மாத்திடறாங்க. அவர் மூளையில இருக்கிற அறிவை வச்சே, உல்ஃப் 359 என்ற இடத்தில் அவருடைய சொந்தப் படையை அழிக்கிறாங்க. 39 கப்பல்கள். சுமார் 11,000 உயிர்கள்.

அந்தப் போரை நமக்குக் காட்டவே இல்லை. எண்டர்பிரைஸ் போய்ச் சேரும்போது உடைந்த கப்பல்கள் மிதக்கின்றன. அவ்வளவுதான். பிக்கார்டை மீட்டுடறாங்க. பூமி தப்பிச்சது.

அடுத்து வந்தது "ஃபேமிலி" என்ற எபிசோட். விண்வெளிச் சண்டை கிடையாது. பிக்கார்ட் பிரான்சில் இருக்கிற தன் ஊருக்குப் போறார். அண்ணனோட சேத்துல உருண்டு சண்டை போட்டு, கடைசியில உடைஞ்சு அழறார். எழுதியவர் ரொனால்ட் டி. மூர். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க.

அருமையான எபிசோட். ஆனா அதுக்கு அடுத்த வாரம் கப்பல் கிளம்பிருச்சு.

பிக்கார்டுக்கு ஒரு வாரம் லீவ் கிடைச்சது. அந்த 11,000 பேரோட வீடுகளுக்கு?

6.
1993 ஜனவரி. "டீப் ஸ்பேஸ் நைன்" முதல் எபிசோட். முதல் காட்சியே உல்ஃப் 359.

தாய்த் தொடர் காட்டாமல் விட்ட அதே போர். இப்போ நாம உள்ள இருக்கோம், அடிவாங்குற ஒரு கப்பலுக்குள்ள. பெஞ்சமின் சிஸ்கோ என்ற அதிகாரி இடிபாட்டுக்குள்ள மனைவியைத் தேடறார். அவங்க இறந்துட்டாங்க. சின்னப் பையன் ஜேக் உயிர் பிழைக்கிறான்.

3 வருஷம் கழிச்சு, அழுகி கிடக்கிற ஒரு விண்வெளி நிலையத்துக்கு அவரை நியமிக்கிறாங்க. நியமன விஷயமா பேச வர்றவர் யாரு?

பிக்கார்ட்.

சிஸ்கோ அவரைப் பார்க்கிற பார்வை இருக்கே! நாம 6 வருஷமா நேசிச்ச ஹீரோவை, அவராலே மனைவியை இழந்தவனோட கண்ணால முதல் முறை பாக்கறோம். பிக்கார்ட் செஞ்சது அவர் குற்றமில்ல. அது சிஸ்கோவுக்கும் தெரியும். ஆனாலும்.

ஒரு கிளைத் தொடர் தன் தாய்க்கு இதைவிட மரியாதையா, இதைவிடக் கறாரா, வணக்கம் சொல்ல முடியாது. "உங்க வெற்றியில ஒரு பில் பாக்கி இருக்கு, நாங்க அங்கிருந்து ஆரம்பிக்கிறோம்."

7.
இப்போ கட்டமைப்பைப் பாருங்க.

மத்த ஸ்டார் ட்ரெக் பெரும்பாலும் கப்பல். இது நிலையம். நகராது.

கப்பல்ல இருக்கிற கேப்டன் ஒரு கிரகத்துல முடிவு எடுத்துட்டு அடுத்த வாரம் வேற ஊர்ல இருப்பார். நிலையத்துல இருக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. இன்னைக்கு எடுத்த முடிவு நாளைக்கு காலையில கதவைத் தட்டும்.

நம்ம பாஷையில சொன்னா, எண்டர்பிரைஸ் 108 ஆம்புலன்ஸ். டீப் ஸ்பேஸ் நைன் ஆரம்ப சுகாதார நிலையம். 108ல இருக்கிறவங்க உயிரைக் காப்பாத்தறாங்க, சந்தேகமே இல்ல. ஆனா கொண்டு வந்து விட்டதும் வண்டி அடுத்த அழைப்புக்குப் போயிடும். ஊர்ல இருக்கிற டாக்டருக்குத்தான் அதே ஆள் அடுத்த மாசமும் வருவார், அடுத்த வருஷமும் வருவார்.

8.
இன்னொரு சிக்கலையும் அழகா தீர்த்தாங்க.

நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு ராடன்பெரி ஒரு விதி வச்சிருந்தார். எதிர்கால மனிதர்கள் பக்குவப்பட்டவங்க. கப்பல் ஆட்களுக்குள்ள சில்லறைச் சண்டை கூடாது. நல்ல கனவுதான். ஆனா கதை எழுதுறவங்களுக்குக் கையைக் கட்டிப் போட்ட மாதிரி. 1991ல் ராடன்பெரி காலமானார்.

அடுத்த தொடரை உருவாக்கிய ரிக் பெர்மனும் மைக்கேல் பில்லரும் விதியை உடைக்கல. இடத்தை மாத்தினாங்க.

நிலையத்தைக் கட்டியது கார்டாசியர்கள். அரை நூற்றாண்டு பஜோர் கிரகத்தை ஆக்கிரமித்து, பஜோரியர்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய இடம் அது. இப்போ ஆக்கிரமிப்பு முடிஞ்சு, சிஸ்கோவோட ஆட்கள் நிர்வாகம் பண்ண வர்றாங்க. துணைப் பொறுப்பில் கீரா நெரிஸ், ஆக்கிரமிப்பை எதிர்த்துக் குண்டு வைத்த முன்னாள் போராளி. மதுக்கடை நடத்துற குவார்க், லாபத்தைத் தவிர வேற வேதம் தெரியாதவர். காவல் அதிகாரி ஓடோ, கார்டாசியர் காலத்திலும் அதே வேலையைப் பார்த்தவர்.

இவங்க யாரும் ராடன்பெரியின் பக்குவப்பட்ட மனிதர்கள் கிடையாது. அதனால சண்டை தானா வந்துருச்சு. விதியும் அப்படியே இருந்துச்சு.

கீரா பாத்திரமே ஒரு விபத்துதான். நெக்ஸ்ட் ஜெனரேஷன்ல வந்த ரோ என்ற பஜோரியப் பெண்ணைத்தான் கொண்டு வர நினைச்சாங்க. அந்த நடிகை மிஷெல் ஃபோர்ப்ஸ் மறுத்துட்டார். புதுசா ஒரு ஆளை உருவாக்க வேண்டியதாச்சு. அந்தப் புது ஆள்தான் தொடரின் முதுகெலும்பு.

9.
இங்க என் சொந்தக் கதை கொஞ்சம்.

முதல் எபிசோட்ல பஷீர்னு ஒரு இளம் டாக்டர் வந்து இறங்குவார். எங்க வேணாலும் வேலை கிடைச்சிருக்கும், ஆனா நான் இந்த வனாந்தரத்தைத்தான் கேட்டு வாங்கினேன், உண்மையான மருத்துவம் இங்கதான்னு கண்ணு மின்னச் சொல்லுவார். கீரா ஒரு பார்வை பாப்பாங்க. நீ வனாந்தரம்னு சொல்றது என் வீடுன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லுவாங்க.

இதை நான் ஹாஸ்டல்ல, சீனியரோட ஹார்ட் டிஸ்க்ல இருந்து காப்பி பண்ணிப் பார்த்தப்போ சிரிச்சேன்.

எம்பிபிஎஸ் முடிச்சு, முதல் போஸ்டிங்கா ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம். சேர்ந்த வாரம், பெருமையா சொன்னேன்: "இந்த மாதிரி இன்டீரியர்லதான் நிறைய கத்துக்கலாம்."

பக்கத்துல ரிஜிஸ்டர் எழுதிட்டிருந்த கிராம சுகாதார செவிலியர் அக்கா நிமிர்ந்துகூட பாக்கல.

"எங்க ஊரு உங்களுக்குப் பாடம் படிக்கிற இடமா சார்? சரி, படிங்க. படிச்சு முடிச்சதும் கிளம்பிடாதீங்க."

அன்னைக்கு சிரிப்பு வரல. அன்னைக்குத்தான் அந்த எபிசோட் எனக்குப் புரிஞ்சது.

10.
1993 ஜூன், முதல் சீசனின் கடைசிக்கு முந்தைய எபிசோட், "டூயட்". பணம் மிச்சம் பிடிக்க எடுத்தது. பெரும்பாலும் ஒரு சிறை அறை, ரெண்டு பேர், பேச்சு.

நிலையத்துக்கு வர்ற ஒரு கார்டாசியரை, வதைமுகாம் நடத்திய கொடூரன்னு கீரா கைது பண்றாங்க. அவனும் ஆமான்னு கொக்கரிக்கிறான். விசாரிச்சா, அவன் அந்த அதிகாரி இல்ல. அங்க கோப்பு எழுதிட்டிருந்த ஒரு சாதாரண கிளார்க். இரவெல்லாம் அலறல் கேட்டு, காதைப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில கிடந்தவன். தன் இனம் குற்றத்தை ஒப்புக்கணும்னா யாராவது ஒருத்தன் தண்டிக்கப்படணும்னு முகத்தை மாத்திக்கிட்டு சாக வந்திருக்கான்.

அவனை வெறுத்த கீராவே அவனை விடுவிக்கிறாங்க. வெளியே நடக்கும்போது ஒரு பஜோரியன் கத்தியால குத்திடறான், அவன் கார்டாசியன் என்ற ஒரே காரணத்துக்காக. அது போதாதுன்னு கீரா சொல்ற இடத்துல எபிசோட் முடியும்.

பட்ஜெட்டா காரணம்னு கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். அந்த சீசனிலேயே மலிவா எடுத்த எபிசோட்களில் ஒன்னு இது. அந்த சீசனிலேயே சிறந்ததும் இதுதான்.

11.
ஆனா இதெல்லாம் சும்மா கிடைக்கல.

அந்தக் காலத்துல இந்தத் தொடர்களை ஒரே பெரிய சேனல் ஒளிபரப்பல. ஊர் ஊரா உள்ளூர் சேனல்களுக்கு வித்தாங்க. அவங்க நேரத்தை மாத்துவாங்க. மறுஒளிபரப்புல வரிசையும் மாறும். அதனால வியாபாரத்துக்கு நல்லது, ஒவ்வொரு எபிசோடும் அன்னைக்கே முடியறது.

ஒரு நிலையத்துக் கதைக்கு இது எமன். விளைவுகள் சேரணும்னா போன வாரம் என்ன நடந்ததுன்னு இந்த வாரம் ஞாபகம் இருக்கணும்.

1995ல் அடுத்த கிளைத் தொடர் "வாயேஜர்" வந்தது. நிறுவனத்தின் கவனம் எல்லாம் அந்தப் பக்கம். பில்லரும் அங்க போனார். இங்கே பொறுப்பேற்றவர் ஐரா ஸ்டீவன் பெர். செல்லப்பிள்ளை வேற ஒன்னு வந்ததும், நடுப்பிள்ளைக்கு சுதந்திரம் கிடைச்சது.

1997ல் ஆறாவது சீசனை, ஒரே போர்க் கதையாகத் தொடர்ந்து 6 எபிசோட் ஓட விட்டாங்க. 1999ல் கடைசிக் கதையை 10 மணி நேரமா சொன்னாங்க. இன்னைக்கு ஓடிடி காலத்துல இது சாதாரணம். அன்னைக்கு சண்டை போட்டு வாங்கினது.

சமரசமும் உண்டு, மறைக்க வேண்டாம். நிலையம் நகராதது போரடிக்குதுன்னு மூன்றாவது சீசனில் டிஃபையன்ட் என்ற போர்க்கப்பல் வந்தது. ரேட்டிங்குக்காக நான்காவது சீசனில் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் வோர்ஃபைக் கொண்டு வந்தாங்க. ஆனா சும்மா போஸ்டர்ல நிறுத்தல. தன் சொந்த இனத்தோட போர் மூளும்போது இவர் எந்தப் பக்கம் என்ற கேள்வியோட கொண்டு வந்தாங்க. திணிச்ச மருந்தையும் சரியான டோஸ்ல கொடுக்கத் தெரிஞ்சவங்க.

12.
இப்போ ஒரு டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்ச எபிசோட். 1996 மே, "தி குவிக்கனிங்".

டொமினியன் என்ற வல்லரசை எதிர்த்த குற்றத்துக்காக, ஒரு கிரகத்து மக்கள் மேல 200 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நோயைப் பரப்பி விட்டிருக்காங்க. எல்லாரும் அந்த நோயோடதான் பிறக்கிறாங்க. ஒரு நாள் புண்கள் சிவக்கும். அப்புறம் மரணம். அந்த ஊர் வைத்தியர் செய்யறது ஒன்னுதான், வலியில்லாம சாக உதவுறது.

பஷீர் வர்றார். ஒரு வாரத்துல குணப்படுத்திடலாம்னு நம்பிக்கை. வழக்கமான ஸ்டார் ட்ரெக்ல கடைசி அஞ்சு நிமிஷத்துல மருந்து கண்டுபிடிச்சிருப்பாங்க.

இங்க என்ன ஆகுதுன்னா, அவரோட கருவிகளின் மின்காந்த அலையே வைரஸைத் தூண்டி விடுது. அவரை நம்பி வந்தவங்க அவர் கண்ணு முன்னாடி துடிச்சு சாகறாங்க.

தன்னால குணப்படுத்த முடியலங்கறதால மருந்தே கிடையாதுன்னு நினைக்கிறதும் ஒரு திமிர்தான்னு கூட வந்த தோழி சொல்லுவாங்க. பஷீர் அங்கேயே தங்கறார். எக்கோரியா என்ற கர்ப்பிணியைக் கூடவே இருந்து பாத்துக்கறார். அவங்க இறந்துடறாங்க. குழந்தை பிறக்குது, உடம்புல ஒரு புண் இல்லாம. அவர் கொடுத்தது தாயைக் காப்பாத்தல. ஆனா நஞ்சுக்கொடி வழியா போய்க் குழந்தைக்குத் தடுப்பாயிருக்கு.

நாம கர்ப்பிணிகளுக்குப் போடுற டிடி ஊசி ஞாபகம் வருதா? அம்மா உடம்புல உருவாகிற எதிர்ப்பு சக்தி நஞ்சுக்கொடி வழியா போய், பிறக்கிற குழந்தையை ரண ஜன்னியில இருந்து காப்பாத்துது. கிட்டத்தட்ட அதே தத்துவம்.

கடைசிக் காட்சியில நிலையத்துக்குத் திரும்பின பஷீர் இன்னும் சோதனை பண்ணிட்டே இருப்பார். இப்போ உயிரோட இருக்கிறவங்களுக்கு மருந்து கிடைக்கல. கேஸ் ஷீட் திறந்தே இருக்கு.

13.
1998 ஏப்ரல், "இன் தி பேல் மூன்லைட்". போரில் தோற்றுக்கிட்டிருக்கிற சிஸ்கோ, ரோமுலன்களைத் தன் பக்கம் இழுக்கப் பொய் ஆதாரம் தயாரிக்கிறார். அதுல கொலை நடக்குது. திட்டம் பலிக்குது. அவர் கேமராவைப் பார்த்து ஒப்புக்கறார், கடைசியில அந்தப் பதிவை அழிச்சிடறார்.

இதை முதல் சீசன்ல எடுத்திருந்தா, "ஸ்டார் ட்ரெக் கேப்டன் இப்படிச் செய்வாரா?"ன்னு அதிர்ச்சி மட்டும்தான் இருந்திருக்கும். 5 வருஷம் அவரோட கூட இருந்ததால வலிக்குது. ஒவ்வொரு வாரமும் இறந்தவங்க பட்டியலை அவர் வாசிச்சதை நாம பாத்திருக்கோம். ஒரு நல்ல மனுஷன் எந்தெந்தப் படியில இறங்கினார்னு நமக்குத் தெரியும்.

பக்குவம்னா இதுதான். ரத்தமும் கெட்ட வார்த்தையும் சேர்த்தா வர்றது இல்ல.

14.
1998 கடைசியில் ரெண்டு எபிசோட். முதல் ஒன்னுல, போர் முனையில நாக் என்ற இளைஞனுக்குக் கால் போயிடுது. முதல் சீசன்ல திருட்டுப் பையனா நாம சிரிச்சுக்கிட்டே பாத்தவன். வளர்ந்து அதிகாரியானவன்.

எதிர்கால மருத்துவம் ஆச்சே! புதுக் கால் வச்சிடறாங்க. பரிசோதனையில எல்லாம் நார்மல்.

ஆனா வலிக்குதுன்னு சொல்றான். ஊன்றுகோலை விட மாட்டேங்கறான். ரெண்டாவது எபிசோட் முழுக்க, "இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்", அவனைப் பத்தி மட்டும்தான். நிஜ உலகத்தை விட்டுட்டு, கணினி உருவாக்கின ஒரு பழைய காலத்துப் பாட்டு விடுதிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறான். அங்க இருக்கிற மாயப் பாடகர் விக், கடைசியில அவனை வெளியே அனுப்பறார். சாக பயந்ததை நாக் அப்போதான் வாய்விட்டுச் சொல்லுவான்.

நாக்காக நடிச்ச ஆரோன் ஐசன்பெர்க் சின்ன வயசுலயே சிறுநீரக மாற்று செய்துகொண்டவர். 2019ல் 50 வயதில் காலமானார். உடம்பு கைவிடறது என்னன்னு அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்ல.

15.
எனக்கு ஒரு நோயாளி இருந்தார். அடையாளம் மாத்திதான் எழுதறேன். சுமை தூக்குற வேலை, சர்க்கரை, காலில் புண், கடைசியில முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதாச்சு. காயம் சுத்தமா ஆறுச்சு. டிஸ்சார்ஜ் சம்மரியில "நலமாக உள்ளார்"னு நான்தான் எழுதி கையெழுத்து போட்டேன்.

எட்டு மாசம் கழிச்சு ஓபியில மாத்திரை வாங்க வந்தார், ஊன்றுகோலோட. செயற்கைக் கால் கிடைச்சிருக்கு. போட்டுக்கல.

"ஏன்ணே, உரசுதா?"

"இல்ல சார். அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. போட்டுக்கிட்டா வெளிய போன்னு சொல்லுவாங்க. வீட்டுக்குள்ளயே டிவி பாத்துக்கிட்டு இருந்துடறேன்."

எட்டு மாசத்துல மூணு தடவை என் ஓபிக்கு வந்திருக்கார். சர்க்கரை அளவு கேட்டேன். புண் பார்த்தேன். வீட்டுல பகல் முழுக்க என்ன பண்றீங்கன்னு ஒரு தடவை கூட கேக்கல.

நாக்கோட எபிசோடை ரெண்டு தடவை பார்த்தவன் நான்.

இப்போ கால் எடுத்தவங்க யார் வந்தாலும் அந்த ஒரு கேள்வியைக் கேக்கறேன். மனநல மருத்துவரிடம் அனுப்பறேன். அந்த அண்ணன் இப்போ டீக்கடை வரைக்கும் போறார்.

16.
சரி, எதிர் உதாரணம் இல்லாம ஆராய்ச்சி முழுமையாகாது. வாயேஜர்.

எப்பேர்ப்பட்ட தொடக்கம்! ஒரு கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தூரத்துல மாட்டிக்குது. திரும்ப 75 வருஷம் ஆகும். ஆட்களில் ஒரு பகுதி எதிரிக் கூட்டம். பொருள் தட்டுப்பாடு.

ஆனா அடுத்த வாரம் கப்பல் பளபளன்னு இருக்கும். எதிரிகள் சீக்கிரமே சீருடைக்குள்ள அடங்கிட்டாங்க. 1997ல் "இயர் ஆஃப் ஹெல்"னு ஒரு கதை, கப்பல் சின்னாபின்னமாகும். முடிவுல காலம் பின்னோக்கி ஓடி, நடந்ததெல்லாம் நடக்காததா ஆயிடும். கேஸ் ஷீட்டையே கிழிச்சுப் போட்ட மாதிரி.

வாயேஜரும் 7 சீசன் ஓடுச்சு. ரசிகர்கள் இருக்காங்க. அந்தக் கணினி டாக்டர் பாத்திரம் எனக்கும் பிடிக்கும். ஆனா அந்தத் தொடக்கம் கொடுத்த வாக்குறுதி நிறைவேறல.

"ஃபேமிலி" எழுதின ரொனால்ட் டி. மூர் ஞாபகம் இருக்கா? டீப் ஸ்பேஸ் நைன்ல பல வருஷம் எழுதிட்டு, 1999ல் வாயேஜருக்குப் போய், சீக்கிரமே வெளியேறிட்டார். அப்புறம் 1978ன் "பேட்டில்ஸ்டார் கலாக்டிகா"வை 2003ல் புதுசா எடுத்தார். அதுவும் வீடில்லாம அலையுற கப்பல்களோட கதைதான். ஆனா அங்க டைட்டில்லயே உயிரோட மிச்சம் எத்தனை பேருன்னு எண் வரும். செத்தா எண் குறையும். 

17.
இது ஸ்டார் ட்ரெக்குக்கு மட்டுமான விஷயமில்ல.

டாக்டர் ஹூ, 1963ல் இருந்து வர்ற பிரிட்டிஷ் தொடர். அதுல சாரா ஜேன் என்ற பெண் 1976ல் டாக்டரை விட்டுப் பிரியறாங்க. 1981ல் அவரையும் கே-9 என்ற இயந்திர நாயையும் வச்சு ஒரு கிளைத் தொடர் முயற்சி. ஒரே சிறப்பு எபிசோடோட நின்னு போச்சு.

2006ல் அதே பெண், அதே நாய், அதே நடிகை எலிசபெத் ஸ்லேடன். தாய்த் தொடர்ல திரும்ப வந்தாங்க. இந்த முறை ஒரு கேள்வியோட: நட்சத்திரங்களைக் காட்டிட்டு நடுத்தெருவுல விட்டுட்டுப் போனீங்களே, அதுக்கப்புறம் நான் எப்படி வாழ்ந்தேன்னு யோசிச்சீங்களா? 2007ல் அவங்க பெயரிலேயே தொடர் வந்தது. 2011ல் ஸ்லேடன் காலமாகும் வரை நடிச்சாங்க. 1981ல் நின்னதுக்கு சேனல் நிர்வாகத்தின் முடிவும் காரணம்தான், ஒத்துக்கறேன். இருந்தாலும் ரெண்டு முயற்சிக்கும் நடுவுல முக்கியமா மாறினது அந்தக் கேள்வி.

அடுத்து 2006ல் வந்த "டார்ச்வுட்". முதல்ல பெரியவங்களுக்கான தொடர்னு கெட்ட வார்த்தையும் படுக்கையறையும் சேர்த்தாங்க. எனக்குச் சிறுபிள்ளைத்தனமா பட்டுச்சு. 2009ல் "சில்ட்ரன் ஆஃப் எர்த்", 5 நாள் தொடர்ச்சியா. வேற்றுக்கிரகத்தார் பூமியின் குழந்தைகளில் பத்தில் ஒரு பங்கைக் கேக்கறாங்க. அமைச்சர்கள் மேசையைச் சுத்தி உக்காந்து, எந்தப் பள்ளிக் குழந்தைகளைக் கொடுக்கலாம்னு பட்டியல் போடறாங்க.

டாக்டர் வரவே இல்ல. அவர் வராத நாள்ல என்ன நடக்கும்? அந்த ஒரு கேள்விதான் டார்ச்வுட்டைப் பெரிய மனுஷனாக்குச்சு.

18.
கடைசியா "ஆண்டோர்". 1977 ஸ்டார் வார்ஸ் படத்தோட தொடக்க எழுத்துகளில், உளவாளிகள் எதிரியின் திட்ட வரைபடத்தைத் திருடிட்டாங்கன்னு ஒரு வரி ஓடும். அந்த ஒரு வரியைத் திறந்து 2016ல் "ரோக் ஒன்" எடுத்தாங்க. அதுல சாகிற ஒருத்தன் எப்படி அங்க வந்து சேர்ந்தான்னு திறந்து 2022லும் 2025லும், 12 எபிசோட் வீதம் 2 சீசன், டோனி கில்ராய் எடுத்தார்.

மந்திர சக்தி உள்ள வீரர்களை நம்பாத கதை. பழைய இரும்பு பிரிக்கிற ஒரு ஊர். பதவி உயர்வுக்காக மீட்டிங்ல போட்டி போடுற பேரரசு அதிகாரிகள். சிறையில ராப்பகலா எதுக்குன்னே தெரியாத ஒரு உதிரிபாகத்தைச் செய்யற கைதிகள். அது பேரரசின் பேரழிவு ஆயுதத்துக்குப் போகுதுன்னு கடைசியில நமக்கு மட்டும் காட்டுவாங்க.

சின்ன வயசுல அந்த ஆயுதம் வெடிச்சப்போ கைதட்டினோம். அதை யார் கையால செஞ்சாங்கன்னு கேக்க 45 வருஷம் ஆச்சு.

19.
அப்போ தம்பிக்கு சுருக்கமா. புதுசா ஒரு கிளைத் தொடர் வந்தா நான் 4 விஷயம் பாப்பேன்.

ஒன்று: தாய்த் தொடர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி எது? கேள்வி இல்லன்னா அது கிளை இல்ல, ஜெராக்ஸ்.

இரண்டு: போன வாரம் உடைஞ்சது இந்த வாரம் உடைஞ்சே இருக்கா?

மூன்று: பழைய ஹீரோவைக் கொண்டு வந்தா, கைதட்டல் வாங்கவா, கணக்கு கேக்கவா?

நான்கு: தாய்த் தொடரின் கனவை மதிக்குதா? டீப் ஸ்பேஸ் நைன் ராடன்பெரியோட நம்பிக்கையைக் கேலி பண்ணல. அது எவ்வளவு விலை கொடுத்துக் கிடைக்கும்னு காட்டுச்சு. வெறும் இருட்டைப் பூசறது பக்குவம் ஆகாது.

20.
இவ்வளவு செஞ்ச டீப் ஸ்பேஸ் நைனுக்கு என்ன கிடைச்சது?

ரேட்டிங் வருஷா வருஷம் இறங்குச்சு. கிர்க் குழுவுக்கும் பிக்கார்ட் குழுவுக்கும் சினிமா வந்தது. இவங்களுக்கு வரல. ஓடிடி வந்து வரிசையா பார்க்க முடிஞ்சப்போதான் ஜனங்களுக்கு அருமை தெரிஞ்சது. தொடர் முடிஞ்சு 20 வருஷம் கழிச்சு, ரசிகர்கள் காசு போட்டு அதைப் பத்தி ஆவணப்படம் எடுத்தாங்க.

தங்கி வேலை செய்யறவங்களுக்குப் பாராட்டு லேட்டாத்தான் வரும் போல.

1999 ஜூன், கடைசி எபிசோட். போர் முடிஞ்சது. சிஸ்கோ போயிட்டார். ஒவ்வொருத்தரா கிளம்பறாங்க. கடைசிக் காட்சியில கேமராதான் பின்னால நகர்ந்து போகும். ஜன்னல்ல ஜேக்கும் கீராவும். நிலையம் அங்கேயே நிக்கும்.

அந்த ஊரை விட்டு நானும் மாற்றலாகி வந்துட்டேன் மக்களே. படிச்சு முடிச்சதும் கிளம்பிட்டேன். அந்த அக்கா இன்னும் அங்கதான் இருக்காங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணி, என் பழைய நோயாளிகளைப் பத்தி ஒவ்வொருத்தரா சொல்லுவாங்க. நானும் கேட்டு எழுதி வச்சுக்குவேன்.

புதுசா பாக்கறவங்க "டூயட்"டில் ஆரம்பிங்க. பிடிச்சா முதல்ல இருந்து போங்க. முதல் சீசன் கொஞ்சம் மெதுவாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

சர்க்கரை மாத்திரையை நிறுத்திடாதீங்க. அடுத்த இழை மருத்துவம்தான்.